ஏரி ஆபீஸ் மாப்பிள்ளை

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, மாப்பிள்ளைக்கு ஏரி ஆபீஸில் வேலை என்று என் மாமனார் அவருடைய ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அதை முழுப் பொய் என்று சொல்ல முடியாது. நான் இருந்தது மீன் துறையில். ஏரியில் மீன் குஞ்சு விடும்போது கூட இருப்பதும், கோடையில் தண்ணீர் வற்றி மீன் பிடிக்கும்போது எடையைக் குறித்துக்கொள்வதும், குத்தகைக்காரர்களுக்குக் கடிதம் எழுதுவதும் என் வேலை. அதில் ஏரி இருந்தது. மீனை மட்டும் அவர் விட்டுவிட்டார்.

நாங்கள் தமிழ்ச் சமணர்கள். காஞ்சிபுரம் சுற்றுவட்டாரத்தில் எங்களை நயினார் என்பார்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவோம். அடுப்பில் வைக்கும் விறகைக்கூட, பூச்சி இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துத்தான் என் அம்மா வைப்பாள். அந்த வீட்டிலிருந்து ஒருவன் மீன் ஆபீஸுக்குப் போனான் என்றால், அவன் விரும்பிப் போகவில்லை. பொருளாதாரத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு, கிடைத்த பரீட்சையெல்லாம் எழுதிக்கொண்டு, அப்பா இல்லாத வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த காலம் அது. சர்வீஸ் கமிஷனில் தேறியவர்களை எந்தத் துறையில் போடுவது என்று யாரும் வீட்டுக்கு வந்து விசாரிப்பதில்லை. உத்தரவைப் பிரித்துப் படித்தபோது அம்மா பக்கத்தில் நின்றிருந்தாள்.

"எழுதற வேலைதானே," என்றாள். "உன் கையால ஒண்ணும் பண்ண வேணாம். எழுதிட்டு வா."

அப்படித்தான் போனேன். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். வேலையிலிருந்து வந்தால் வாசல் வழியாக நுழைய மாட்டேன். சந்து வழியாகச் சுற்றிவந்து, கிணற்றடியில் அம்மா வைத்திருக்கும் வெந்நீரில் குளித்து, சட்டையை அங்கேயே நனைத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவேன். கல்யாணத்துக்குப் பிறகு வெந்நீர் வைக்கும் வேலை என் மனைவிக்கு வந்தது. அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அவளுக்குக் கஷ்டமாக இருந்தது வேறொன்று. பிறந்த வீட்டுக்குப் போனால் அங்கே நான் வேறு ஆளாக இருந்தேன்.

ஏரி ஆபீஸ் என்றால் விவசாயிகள் என்ன நினைப்பார்கள்? மதகு, ஷட்டர், பாசனம். மாமனார் ஊரில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் பந்தியில் என் பக்கத்தில் உட்கார இடம் பிடித்துக்கொண்டு யாராவது வருவார்கள்.

"மாப்பிள்ளே, எங்க ஏரி மதகு ஒழுவிக்கினே இருக்குது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நடக்கும்."

நான் என் இலையைப் பார்ப்பேன். எதிரே பரிமாறிக்கொண்டிருக்கும் மாமனார் சாம்பார் வாளியோடு அப்படியே நிற்பார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாக்கறேங்க," என்பேன். அவர் அடுத்த இலைக்கு நகர்வார். இப்படி எத்தனை மதகுகளுக்கு நான் பொறுப்பேற்றேன் என்று சொல்ல முடியாது. ஒன்றும் சரியாகாததால் ஊரில் என்னைப் பற்றி, மாப்பிள்ளை நல்லவர்தான், ஆனால் கொஞ்சம் சோம்பேறி என்ற பேச்சும் இருந்தது.

மீனால் எனக்கு ஒரு துன்பமும் இல்லை. மீன் பிடிக்கிறவர்களாலும் இல்லை. அவர்கள் அவர்கள் பிழைப்பைப் பார்த்தார்கள். எங்கள் இன்ஸ்பெக்டர் மரக்காணம் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர், நல்ல மனிதர். ஏரிக்கரையில் சாப்பிட உட்காரும்போது, "நயினாரு, நீ காத்துக்கு மேலாண்ட போய் உக்காரு," என்று என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, தன் டிபன் பாக்ஸைத் திறப்பார். ஆறேழு வருஷம் அப்படிப் போயிற்று. பென்ஷன் உள்ள வேலை, அதனால் பொறுத்துக்கொள்ளலாம் என்றுதான் எல்லோரையும்போல நானும் நினைத்தேன்.

ஒரு கோடையில் தாமல் ஏரியில் வலை போட்டார்கள். பெரிய ஏரி, அந்த வருஷம் நன்றாக வற்றியிருந்தது. கரையெல்லாம் ஆட்கள். குத்தகைக்காரரின் ஆட்கள் ஒரு பெரிய கட்லாவைத் தூக்கி வந்தார்கள். நாங்கள் விட்ட குஞ்சு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று எழுதி அனுப்ப வேண்டியிருந்ததால், இன்ஸ்பெக்டர் அளவுகோலை எடுத்தார். மீனைப் பிடித்துக்கொள்ள வேண்டிய ஆள் அந்த நேரம் பார்த்து வலைப்பக்கம் ஓடிவிட்டான். "நயினாரு, ஒரு நிமிஷம் புடிச்சுக்க," என்றார். பிடித்தேன். வழுக்கியது. மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டேன். இன்னும் உயிர் இருந்தது. வால் என் இடுப்பில் அடித்தது.

அப்போது கரைமேலிருந்து, "மாப்பிள்ளே," என்று குரல் கேட்டது.

மாமனார் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர். காஞ்சிபுரத்துக்கு ஏதோ வேலையாக வந்தவர்கள் எங்கள் வீட்டுக்குப் போய் விசாரித்திருக்கிறார்கள். அம்மா, தாமல் ஏரிக்குப் போயிருக்கிறான் என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். ஏரி ஆபீஸ் மாப்பிள்ளை ஏரியில் இருக்கிறார், நேரிலேயே பேசிவிடலாம் என்று பஸ் ஏறி வந்துவிட்டார்கள். இருவரும் வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. என்னையும் மீனையும் பார்த்தார்கள்.

"மதகு விஷயமா வந்தோம்," என்றார் ஒருவர். பிறகு, "நீங்க வேலையா இருக்கறீங்க. அப்புறம் வர்றோம்," என்றார்.

திரும்பி, கரையோடு பஸ் ரோட்டைப் பார்க்க நடந்தார்கள். நான் மீனைக் கீழே வைக்கவும் முடியாமல் அவர்கள் பின்னால் போகவும் முடியாமல் நின்றேன். இன்ஸ்பெக்டர் நீளத்தைப் படித்தார். நான் மீனை இறக்கிவிட்டு, கையைத் துடைத்து, எழுதினேன்.

அடுத்த முறை பிறந்த வீட்டுக்குப் போய் வந்த என் மனைவி, "அப்பா மண்டியில முன்னால உக்கார்றதே இல்லீங்க. உள்ள மூட்டைங்க நடுவுல போய் உக்காந்துக்கறாரு," என்றாள். அவருக்கு அரிசி மண்டி. ஊரில் பாதிப் பேர் அவர் முன்னால் நின்றுதான் ஆக வேண்டும். யாரும் எதுவும் கேட்கவில்லையாம். அவருக்கு அதுதான் தாங்கவில்லை.

இதெல்லாம் நடந்த சில நாட்களில், என்னோடு எம்.ஏ. படித்த ஒரு நண்பன் சைக்கிளில் வீட்டுக்கு வந்தான். காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தான். கல்லூரிகளில் தமிழிலேயே பாடம் நடத்த ஆரம்பித்திருந்த காலம். எங்கள் வயதுக்காரர்கள் எல்லோரும் பொருளாதாரத்தை இங்கிலீஷில் படித்தவர்கள். தமிழில் நடத்தச் சொன்னால் திணறினார்கள். அதற்கென்று தனியாக ஒரு ஆள் போடப் போகிறார்கள் என்றான்.

"ரெண்டே ரெண்டு வருஷம்தாம்பா," என்று முதலிலேயே சொல்லிவிட்டான். "அந்தத் தமிழ் செக்ஷனை ரெண்டு வருஷம் நடத்திப் பாக்கறாங்க. அப்புறம் உண்டா இல்லையான்னு யாருக்கும் தெரியாது. லீவுல சம்பளம் கெடையாது. உங்கிட்ட சொல்லலாமா வேணாமான்னு மூணு நாளா யோசிச்சுக்கினு இருந்தேன். உனக்கு நிரந்தர வேலை இருக்குது. வேணாம்னா இப்பவே வேணாம்னு சொல்லிடு, நான் மனசுல வெச்சுக்க மாட்டேன்."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. என்ன சொன்னேன் என்பதும் நினைவில்லை. அவன் போன பிறகு என் மனைவி, "அவரு பேசிக்கினு இருந்தப்போ நீங்க சிரிச்சிக்கினே இருந்தீங்க," என்றாள்.

நேர்முகத்துக்குப் போனேன். கல்லூரி முதல்வர் விண்ணப்பத்தில் நான் இருக்கும் துறையைப் படித்துவிட்டு மேலே பார்த்தார். "மீன் துறையா? அங்கிருந்து இங்கேயா? தெரிஞ்சுதான் வர்றீங்களா?" என்றார். தெரிந்துதான் என்றேன். எனக்கே கொடுத்தார்கள். ஊரில் வேறு யாரும் இரண்டு வருஷ வேலைக்கு வராததும் ஒரு காரணம் என்று நண்பன் பிற்பாடு சொன்னான்.

இன்ஸ்பெக்டரிடம் சொன்னபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கதவைச் சாத்திவிட்டு ஒரு யோசனை சொன்னார். "ராஜினாமா இப்போ எழுதாதே. ஒடம்பு சரியில்லன்னு லீவு போடு. நான் தள்ளிக்கினே போறேன். காலேஜு புடிக்கலன்னா திரும்பி வந்து உக்காந்துக்க. யாருக்குத் தெரியப் போவுது?"

அவர் அன்பால் சொன்னார். எனக்கும் அது நல்ல வழியாகத்தான் பட்டது. அன்று மாலையே மாமனார் வந்துவிட்டார். யார் மூலமோ செய்தி போயிருந்தது. உள்ளே வந்து உட்கார்ந்தார், அம்மா கொடுத்த மோரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளே, நான் உங்களக் கொறை சொல்ல வரல," என்றார். "அந்த வேலை நமக்கு ஆவாதுன்னு எனக்கு மட்டும் தெரியாதா? ஆனா அது சாவற வரிக்கும் சோறு போடற வேலை. அதுக்காவத்தான நான் ஊரெல்லாம் ஏரி, ஏரின்னு சொல்லிக்கினு இருந்தேன். இப்போ போய் ரெண்டு வருஷ வேலைக்குப் போறேன்றீங்க. அப்போ இத்தினி வருஷம் நான் பொய் சொன்னதுக்கு இன்னா அர்த்தம்?"

இன்ஸ்பெக்டர் சொன்ன யோசனையைச் சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. மோரைக் குடித்தார்.

"அதான் சரி. லீவு போடுங்க. ஊர்ல கேட்டா ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடறேன்."

சமையலறை வாசலில் நின்றிருந்த என் மனைவி அப்பாவிடம் அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்று பேசினாள்.

"அப்பா, இனிமே அவருக்கு சீக்குன்னு வேற சொல்லப் போறியா? நாளைக்கு யாராவது பாக்க வருவாங்க, பழம் வாங்கிக்கினு. அவரு காலேஜுல பாடம் நடத்திக்கினு இருப்பாரு. அப்போ நான் யாருக்கு இன்னான்னு சொல்றது?" பிறகு என்னைப் பார்த்து, "ரெண்டு வருஷத்துல வேலை போனா போவுதுங்க. அதையாவது போச்சுன்னு வாயால சொல்லலாமில்ல," என்றாள்.

மாமனார் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "உங்க இஷ்டம்," என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை ராஜினாமா எழுதினேன். இன்ஸ்பெக்டர் அதை வாங்கி இரண்டு முறை படித்தார். "ஒழுங்காத்தான் எழுதியிருக்கே," என்று சொல்லிவிட்டு எனக்கு ஒரு டீ வாங்கிவர ஆளை அனுப்பினார்.

கடைசி நாள் வேலை முடிந்து வந்தபோது பழக்கத்தில் சந்துப் பக்கம் திரும்பிவிட்டேன். கிணற்றடியில் வெந்நீர் இல்லை. முன்வாசலிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "இப்படி வாங்க," என்றாள். சுற்றிக்கொண்டு வாசல் வழியாக உள்ளே போனேன். முன்கட்டில் தறியில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர், "இன்னா சார், இன்னிக்கு இந்தப் பக்கம்?" என்றார்.

அம்மாவுக்கு நிரந்தரம், தற்காலிகம் எல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. கல்லூரி நான்கு மணிக்கு விட்டுவிடும் என்றதும், "அப்போ பொழுதோட சாப்பிடலாம்," என்றாள். ஏரி வேலையில் பாதி நாள் இருட்டித்தான் வருவேன், தண்ணீர்கூடக் குடிக்காமல் படுத்துவிடுவேன். அவளுக்கு இத்தனை வருஷமும் அந்தக் கவலைதான் இருந்திருக்கிறது.

கல்லூரியில் முதல் வகுப்பு சுமாராகத்தான் போயிற்று. புத்தகத்தில் இருந்த தமிழை அப்படியே எழுதிக்கொண்டு போயிருந்தேன். தேவை, அளிப்பு, நெகிழ்ச்சி என்று நான் சொல்லச் சொல்ல, பையன்கள் கோயிலில் மந்திரம் கேட்பவர்கள்போல மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள், மீதிப் பேர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். ஒருவனுக்கும் ஒன்றும் புரியவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, எழுதிக்கொண்டு போனதை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, "தாமல் ஏரி பாத்திருக்கீங்களா?" என்றேன்.

சிலர் பார்த்திருந்தார்கள். அந்த ஏரியில் ஒரே நாளில் மீனெல்லாம் கரைக்கு வந்துவிட்டால் என்ன விலைக்குப் போகும், குத்தகைக்காரர் அன்று ஏன் தலையில் கை வைத்துக்கொள்வார், ஐஸ் வைத்திருப்பவர் ஏன் பதறாமல் நிற்பார், அதே மீன் மறுநாள் பட்டணத்தில் என்ன விலை விற்கும் என்று சொல்லிக்கொண்டே போனேன். பென்சில்கள் நகர ஆரம்பித்தன. ஒரு பையன், "எந்த மீன் சார்?" என்று கேட்டான். "கட்லா," என்றேன். என் வீட்டிலும் மாமனார் வீட்டிலும் இத்தனை வருஷமாக யாரும் வாய்விட்டுச் சொல்லாத வார்த்தையை ஒரு வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொல்லியிருந்தேன். யாரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை. கட்லா என்று எழுதிக்கொண்டார்கள்.

அந்த வாரத்துக்குள் எனக்குக் கட்லா சார் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மாமனார் பல மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. தை மாதத்தில் அரிசி விஷயமாகக் காஞ்சிபுரத்துக்கு வந்தவர், கல்லூரி உண்மையிலேயே கல்லூரிதானா என்று பார்த்துவிடலாம் என்று அங்கே போயிருக்கிறார். வாசலில் சைக்கிளோடு நின்ற ஒரு மாணவனிடம் என் பெயரைச் சொல்லி விசாரித்திருக்கிறார். மற்றதை அன்று மாலை எங்கள் வீட்டில் சாப்பிடும்போது அவரே சொன்னார்.

"அந்தப் பையன் யோசிச்சான். அப்புறம், ஓ, கட்லா சாரான்னு கேட்டான். நான், கட்லான்னா இன்னாப்பான்னேன். ஒரு பெரிய மீன் தாத்தான்னு கையை விரிச்சிக் காட்றான். எங்க சார் மீன் ஆபீஸ்ல இருந்தாரு, அதுல ஐஸு இன்னா, குத்தகை இன்னா, வெலை எப்படி எறங்குதுன்னு அரை மணி நேரம் எனக்கே பாடம் எடுக்கறான். நீங்க யாரு தாத்தான்னு கடைசியில கேட்டான்."

"நீ இன்னா சொன்னே?" என்றாள் என் மனைவி.

"கட்லா சாரோட மாமனாருன்னேன்," என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். முதலில் மெதுவாகத்தான் சிரித்தார். பிறகு சோறு கையில் இருக்க, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் எங்கள் வீட்டில் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்தக் கோடையில் சம்பளம் இல்லை. நண்பன் எச்சரித்தது போலவே ஏப்ரலில் வேலை முடிந்ததாகச் சொல்லி அனுப்பிவிட்டு, திரும்ப எப்போது கூப்பிடுவார்கள் என்று சொல்லவில்லை. மனைவியோடு மாமனார் ஊருக்குப் போய் மண்டியில் உட்கார்ந்தேன். அவர் மீண்டும் முன்பக்கம் வந்து உட்கார ஆரம்பித்திருந்தார். வருகிறவர்களிடம், "நம்ம மாப்பிள்ளே. முன்னால மீன் ஆபீஸ்ல இருந்தாரு. இப்போ காலேஜு. லீவுல சம்பளம் கெடையாது, அதான் இங்க இருக்காரு," என்று ஒன்றையும் விடாமல் சொல்வார். சில சமயம் இவ்வளவு விவரம் வேண்டுமா என்று எனக்கே தோன்றும். மதகுக்காக வந்த அந்த இரண்டு பெரியவர்களில் ஒருவர் நெல் போட வந்தார். என்னைப் பார்த்ததும், "அந்த மதகு சரியாயிடுச்சு மாப்பிள்ளே. வேற ஒருத்தரைப் புடிச்சோம்," என்றார். நல்லதுங்க என்றேன்.

ஜூலையில் கல்லூரியிலிருந்து கூப்பிட்டார்கள். இரண்டாவது வருஷமும் நடத்தினேன். அது முடிந்ததும், தமிழ் வகுப்பைத் தொடர்வார்கள், ஆனால் அதற்கு நிரந்தரமான ஆள் ஒருவர் வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வருகிறார் என்றார்கள். முதல்வர் என்னை உட்காரவைத்து வருத்தப்பட்டுச் சொன்னார். அவர் எதிர்பார்த்த அளவு நான் கலங்கவில்லை. பயப்பட வேண்டியதை எல்லாம் ராஜினாமா எழுதிய அன்றே பயந்து முடித்திருந்தேன் என்று நினைக்கிறேன். அவரே ஒரு கடிதம் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு தெற்கே இன்னொரு ஊரில் புதிதாகத் தொடங்கிய கல்லூரிக்குப் போனேன். அங்கேயும் ஒரு வருஷத்துக்குத்தான் எடுத்தார்கள். நிரந்தரம் என்று எழுதிய உத்தரவு என் கைக்கு வர இன்னும் பல வருஷம் ஆயிற்று. வந்த அன்று அதைப் பெரிதாகக் கொண்டாடியதாக நினைவில்லை.

தெற்கே போன அந்தப் புது ஊரில் முதலில் வீடு பார்க்கப் போனபோது, வீட்டுக்கார அம்மாள் வீட்டைச் சுற்றிக் காட்டிவிட்டு, முன்பணம் வாங்குவதற்கு முன்னால், "சாருக்கு நிரந்தர வேலைதானே?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி, இடுப்பிலிருந்த எங்கள் கைக்குழந்தையை மாற்றி வைத்துக்கொண்டு, "இல்லீங்கம்மா. ஒரு வருஷத்துக்குத்தான். அப்புறம் தெரியாது," என்றாள். வீட்டுக்கார அம்மாள் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சாவியை எடுத்துவரத் தன் வீட்டுக்குள் போனாள். என் மனைவி அதற்குள் சமையலறை ஜன்னலைத் திறந்து, பொழுதோடு சாப்பிட மேற்கு வெளிச்சம் எவ்வளவு நேரம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.